அப்பா மூன்றாம் கட்சிக்குக் கார் ஓட்டிய வருஷம்

நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் போன வாரம் ஒரு பேச்சு வந்ததே, நினைவிருக்கிறதா? கோயில் கேன்டீனில் பொங்கலும் வடையும் முடித்துவிட்டு, காப்பி ஆறுகிற வரைக்கும் உலக அரசியலை நேராக்கிவிட்டு எழுவது நமக்கு வழக்கம்தானே. அப்போது ஒருவர், எச்-ஒன் விசாவில் வந்து இப்போது பேரன் பேத்தியை டேகேரில் இறக்கிவிட்டு வருகிறவர், "இந்த நாட்டுல மூணாவது கட்சியெல்லாம் சும்மாங்க. ஒரு ஸ்டேட்டாவது ஜெயிச்சிருக்கானா?" என்று அடித்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினீர்கள். வாயில் கடைசி வடை இருந்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆற்றாமை பொங்கியது.

ஜெயித்திருக்கிறான் ஐயா. ஒன்றல்ல, ஐந்து. அறுபத்தெட்டாம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில், வெள்ளைக்காரப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருந்த ஒரு மனிதர் ஐந்து தென்மாநிலங்களைத் தூக்கிக்கொண்டு போனார். அதில் ஒன்று ஆர்கன்சாஸ். அங்கே நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வெற்றிக்கு எங்கள் வீட்டுக் காரும் உழைத்தது. இந்த டெக்சஸ் ஃபிரிஸ்கோவில் முருங்கைக்காய் பிஞ்சாக இல்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிற நீங்கள், இந்த நாட்டின் சரித்திரம் நீங்கள் இறங்கிய விமானத்திலிருந்துதான் தொடங்குகிறது என்று நினைத்திருந்தால், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அழகான கதை இல்லை.

அப்பா கால்நடை மருத்துவம் படித்தவர். நாமக்கல் பக்கம் அப்போது கோழிப்பண்ணை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கோழி என்றால் வாசலில் மேய்வது. கோழித் தீவனத்தில் ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா வந்து, படிப்பு முடிந்ததும் ஆர்கன்சாஸின் தெற்கே ஒரு சின்ன ஊரில் தீவன மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊருக்கே ஒரு வாசனை உண்டு. கருவாட்டுத் தூளும் கரும்புப் பாகும் சோளத் தவிடும் கலந்து வரும். துவைத்த துணியில் அடிக்கும், தலைமயிரில் அடிக்கும், அம்மா வைக்கிற ரசத்திலும் அடிக்கும். இன்றைக்கும் எங்காவது தீவன மூட்டை ஏற்றின லாரி ஃப்ரீவேயில் முன்னால் போனால் நான் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

மில் முதலாளிதான் பள்ளிக்கூட போர்டுக்கும் தலைவர். உயரமான மனிதர், மெல்லப் பேசுவார், வீட்டுக்கு வந்தால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அம்மாவைப் பார்த்தால் எழுந்து நிற்பார். இத்தனை மரியாதை தெரிந்த மனிதர் எப்படிக் கெட்டவராக இருக்க முடியும் என்று அப்பா கேட்பார். அவர்தான் எங்களுக்கு முதல் நாளே ஒரு புத்தி சொன்னார்: "உங்க சம்சாரம் வெளியில வரும்போதெல்லாம் அந்தச் சேலையைக் கட்டிக்கட்டும், நெத்தியில அந்தப் பொட்டு வெச்சுக்கட்டும். அப்பத்தான் நீங்க யாருன்னு ஜனங்களுக்குத் தெரியும்." நாங்கள் யார் என்பதைவிட, யார் இல்லை என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. அம்மா பால் வாங்கப் போவதற்கும் பட்டுச் சேலை கட்டினாள். தினமும் காலையில் எங்களைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விட்டு, மணி அடிக்கும் வரை அங்கேயே நிற்பாள். எங்களுக்கு அவள்தான் அத்தாட்சி.

ஊரில் இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு. செங்கல் கட்டிடம், அறிவியல் கூடம், விளக்குக் கம்பம் போட்ட விளையாட்டு மைதானம். இன்னொன்று ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கறுப்பர்களுக்கு. அதன் கூரையில் மழை ஒழுகும். சட்டம் மாறியிருந்தது, யார் பிள்ளையும் எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று வாஷிங்டன் சொல்லியிருந்தது. விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற விண்ணப்பம் ஒவ்வொன்றும் 'இடமில்லை' என்று திரும்பிப் போகும். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் இடம் இருந்தது. நாங்கள் விருந்தாளிகள், முதலாளி கூட்டிவந்தவர்கள்.

அண்ணனுக்குப் பதினான்கு வயது. நல்ல கறுப்பு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் பாதிப் பேர் அவனைவிடச் சிவப்பு. வந்த புதிதில் யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. பிறகு ஒரு நாள் மைதானத்தில் உருண்டு வந்த அமெரிக்க ஃபுட்பாலை, அந்த முட்டை வடிவப் பந்தை, அவன் எட்டி உதைத்தான். அமெரிக்கர்கள் அப்போது நேராக ஓடி வந்து கால் நுனியால் உதைப்பார்கள். இவன் நாமக்கல் மைதானத்தில் வெறுங்காலோடு உதைத்துப் பழகினவன். பக்கவாட்டில் ஓடி வந்து புறங்காலால் ஒரு தட்டுத் தட்டினான். பந்து கோல் கம்பத்தைத் தாண்டி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. கோச் வாயிலிருந்த விசில் கீழே விழுந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்னார்கள். அடுத்த வாரமே அண்ணன் அணியில் இருந்தான்.

வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போதுதான் சிக்கல் வந்தது. ஒரு ஊர் ஹாம்பர்கர் கடையில் இவனைப் பார்த்துவிட்டு மொத்த அணிக்கும் சாப்பாடு இல்லை என்றுவிட்டார்கள். கோச் யோசித்துவிட்டு அம்மாவிடம் வந்தார். இந்தியர்கள் தலையில் கட்டுவார்களே, அதைக் கட்டிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். எங்கள் வீட்டில் யாரும் கட்டினதில்லை. அம்மா தன் ரோஸ் நிறச் சின்னாளப்பட்டிச் சேலையைப் பாதியாகக் கிழித்தாள். அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

"ஏன், எங்க அப்பாரு உருமால் கட்டாமத்தான் சந்தைக்குப் போனாரா? நம்மூர்ப் பழக்கந்தான் கண்ணு, கட்டிக்கோ" என்றார்.

அண்ணன் கட்டிக்கொண்டான். ஒலிபெருக்கியில் அவனை 'ராஜா' என்று அறிவித்தார்கள். அவன் உதைக்க வரும்போதெல்லாம் பாண்டுக்காரர்கள் பாம்பாட்டி மகுடி போல ஒரு மெட்டு வாசிப்பார்கள். மொத்தக் கூட்டமும் கழுத்தை ஆட்டும். "பாத்தியா, ராஜாங்கறாங்க" என்று அப்பா என் காதில் சொல்வார். அண்ணன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

உண்மையில் அண்ணனுக்கு உதைக்கச் சொல்லிக் கொடுத்தது, இல்லை, உதைத்ததைத் திருத்திக் கொடுத்தது வேறொருவன். மில்லில் லாரி ஓட்டுகிறவரின் மகன். கறுப்புப் பையன், அண்ணன் வயது. சாயங்காலம் மில்லுக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற இடத்தில் அவன் பந்தைக் குத்திட்டுப் பிடிப்பான், அண்ணன் உதைப்பான். வாய் ஓயாமல் பேசுவான். "உன் கால் நல்ல கால், மண்டைதான் நல்ல மண்டை இல்ல" என்பான். ஓட ஆரம்பித்தால் அவனை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் அவனுக்கு விளையாட்டு பெரிதில்லை. எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். அங்கே இருக்கிற மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவையாவது கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்பான். எதைப் பார்ப்பாய் என்று கேட்டால், "உன் அண்ணன் மூளையை. கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்கணும்" என்பான். விண்ணப்பம் போட்டான். திரும்பி வந்தது. மறுபடியும் போட்டான். அந்த இலையுதிர் காலத்தில் மூன்றாம் தடவை போட்டுவிட்டுக் காத்திருந்தான். "அடுத்த வருஷம் ஒரே வகுப்புல இருப்போம்" என்று அண்ணன் அவனிடம் சத்தியம் செய்திருந்தான். அண்ணனுக்கு அப்போது அதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் எதுவும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த லாரிக்காரர் எப்போதாவது எங்கள் வீட்டுக்கு முட்டை கொண்டுவந்து கொடுப்பார். பின்வாசல் படியில் நின்று தண்ணீர் கேட்பார். அவருக்கென்று அம்மா பின் ஜன்னலில் ஒரு ஜாம் பாட்டிலைத் தனியாக வைத்திருந்தாள். அவர் குடித்த பிறகு தூக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவி அங்கேயே கவிழ்ப்பாள். நாமக்கல்லில் மாமனார் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், கடல் தாண்டியும் கை மறக்கவில்லை. மகன் அதைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "உங்க ஊர்லயும் எங்களை மாதிரி ஆளுங்க இருக்காங்க போல" என்று சிரித்தான். அண்ணன் அன்றைக்கே அந்தப் பாட்டிலை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்தான். அம்மா வேறொன்று வைத்தாள்.

இனி அப்பாவின் அரசியல். அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் என் சித்தப்பா போலீஸ் அடி வாங்கிக் கால் ஒடிந்து படுத்தவர். டெல்லி என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு ரத்தம் சூடாகும். அதற்கு முந்தின வருஷம்தான் நம் ஊரில் மாநில உரிமை பேசின கட்சி டெல்லிக் கட்சியை மண்ணைக் கவ்வ வைத்திருந்தது. அந்தச் செய்தியை அப்பா ஆர்கன்சாஸில் உட்கார்ந்து கொண்டாடினார். அப்படிப்பட்டவர் காதில், மாநில உரிமை, மாநிலத்துக்கு அதிகாரம், எங்கள் ஊர்ப் பள்ளியை நாங்களே நடத்திக்கொள்வோம் என்று அந்த மூன்றாம் கட்சி வேட்பாளர் மேடையில் முழங்கினால் எப்படி இருக்கும்? முதலாளி எங்களை அந்தப் பொதுக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அம்மாவைப் பட்டுச் சேலையோடு முன் வரிசையில் உட்கார வைத்தார்கள், காட்சிக்கு. வேட்பாளர் குள்ளமான மனிதர், முஷ்டியை ஆட்டி ஆட்டிப் பேசினார். கிடார் வாசித்தார்கள், வாளியைச் சுற்றவிட்டுக் காசு வசூலித்தார்கள். அப்பா எழுந்து நின்று கைதட்டினார். அசல் நம் ஊர் மேடைப் பேச்சு என்று வீடு வரும் வரைக்கும் அதே பேச்சு.

"இந்த ஆளு நம்ம ஆளுங்க மாதிரியேதான். வாஷிங்டன்னு இருக்கற எடத்துல டெல்லின்னு போட்டுப் பாரு, அச்சு அசலு!"

காரின் முன் சீட்டிலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, டெல்லிக்காரன் நம்ம புள்ளைங்களை இந்தி படின்னு அடிச்சான். இந்த வாஷிங்டன்காரன் அந்த லாரிக்காரரு பையனையும் படிக்க உடுன்னுதானுங்களே சொல்றான்? ரெண்டும் ஒண்ணுங்களா?"

"உனக்கு அரசியல் தெரியாது. பேசாம வா" என்றார் அப்பா.

அதோடு அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. முதலாளிதான் அந்தக் கட்சிக்கு ஊர்ப் பொறுப்பாளர். அவர் மனம் கோணாமல் இருந்தால் அண்ணன் அணியில் இருப்பான், நாங்கள் அந்தப் பள்ளியில் இருப்போம். கொள்கையும் சௌகரியமும் ஒரே பக்கம் இழுத்தால் மனிதன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்பதை நான் அந்த வருஷம் பார்த்தேன்.

அப்பாவுக்கு ஓட்டு இல்லை, குடியுரிமை இல்லாதவர். அதனால் ஓட்டுப் போடுகிறவர்களைக் கூட்டிப் போகிறேன் என்று முன்வந்தார். தேர்தலன்று பள்ளி விடுமுறை. எங்கள் நீளமான ஸ்டேஷன் வேகனைக் கழுவி, டை கட்டி, கட்சிக்காரர்கள் கொடுத்த வைக்கோல் தொப்பி போன்ற பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் பக்கத்தில். வீடு வீடாகப் போய் வயதான வெள்ளைக்காரப் பாட்டிமார்களை ஏற்றி, சர்ச் மண்டபத்தில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விட்டோம். ஒருத்தியாவது அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் நான் இருந்தாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருந்தது. எல்லாரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டி, "உன் முதலாளி நல்ல மனுஷன், உனக்கு நல்ல டை வாங்கிக் கொடுத்திருக்கார்" என்றாள். இன்னொருத்தி மண்டபத்துக்குள் தன் கையைப் பிடித்து அழைத்துப் போக வந்த அப்பாவை வாசலிலேயே நிறுத்தி, "பையா, நீ கார்கிட்டயே நில்லு" என்றாள். அப்பாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சிரித்துக்கொண்டே வந்து கார்கிட்ட நின்றார். தொப்பியை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

எப்படி ஜெயித்தார் என்று கேட்கிறீர்களே, இப்படித்தான். நூறு வருஷமாகத் தகப்பன், தாத்தா எல்லாரும் ஒரே கட்சிக்குப் போட்டுவந்த மாநிலம் அது. கறுப்பர்களுக்கு உரிமை கொடுத்துவிட்டது என்று அந்தக் கட்சி மேல் கோபம். எதிர்க்கட்சிக்குப் போடவும் மனம் வரவில்லை. பாதி ஓட்டுக்கூட வேண்டியிருக்கவில்லை. மூன்றாகப் பிரித்ததில் பெரிய துண்டு போதும். இதில் வேடிக்கை, அதே நாளில் அதே ஜனங்கள் கவர்னருக்கு ஒரு கட்சி, செனட்டருக்கு மறு கட்சி, ஜனாதிபதிக்கு இந்த மூன்றாம் ஆள் என்று மூன்று பக்கமும் போட்டார்கள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் போட்டார்கள். அறியாமை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மறுநாள் நாட்டை வேறொருவர் ஜெயித்திருந்தார். மாநிலத்தை இவர் ஜெயித்திருந்தார். முதலாளி எங்கள் வீட்டுக்கு ஒரு வான்கோழி அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரே வந்தார். தொப்பி மடியில். நான் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் கதவோரம் நின்றான். புதன்கிழமை வாஷிங்டனிலிருந்து ஒரு அதிகாரி பள்ளியைப் பார்க்க வருகிறார் என்றார். கறுப்புப் பிள்ளைகள் எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறோம் என்று எண்ணுவார். ஒருவரும் இல்லை என்றால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள், விண்ணப்பித்தவர்களை உடனே சேர்க்கச் சொல்வார்கள்.

"உங்க பையன் அன்னிக்கு அந்தத் தலைத்துணி இல்லாம வரட்டும். ரெண்டு பேரும் முன் பெஞ்சுல உட்காரட்டும். யாரும் பொய் சொல்ல வேண்டாம். வர்றவர் கண்ணால பாத்து எழுதிக்குவார், அவ்வளவுதான்."

அப்பாவுக்கு உடனே புரியவில்லை. "நாங்க இந்தியர்களாச்சே" என்றார்.

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டாம்." முதலாளி புன்னகையோடு எழுந்தார். "வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம் இருக்கே. உங்க பையன் இல்லாம எப்படி?"

அவர் கார் கிளம்பிப் போயிற்று. ஊர் ஊராகப் போகும்போது கறுப்பன் இல்லை என்று காட்டத் தலைப்பாகை. அதிகாரி வரும்போது கறுப்பன் என்று காட்ட அதைக் கழற்ற வேண்டும். ஒன்பது வயதுக்காரிக்கே அது விளங்கியது.

"நான் கட்டிக்கிட்டுத்தான் போவேனுங்க" என்றான் அண்ணன். "எங்களை எண்ணிட்டாங்கன்னா அவனுக்கு எடமில்லீன்னு சொல்லிருவாங்க. அவன் காத்துக்கிட்டு இருக்கறானுங்கப்பா."

"ஊரான் புள்ளைக்காக நீ ஏன்டா கெடறே? ஒரு நாளு, ஒரு மணி நேரம். பேசாம ஒக்காந்துட்டு வா."

"நீங்கதானுங்க உரிமை உரிமைன்னீங்க."

அப்பா கன்னத்தில் அறைந்தார். அவர் அவனை அடித்தது அதுதான் முதல் தடவை. அம்மா இடையில் வந்து விழுந்தாள்.

புதன்கிழமை அண்ணன் விடிவதற்கு முன்பே எழுந்து தானே கட்டிக்கொண்டான். இறுக்கி, நெற்றி சுருங்குகிற அளவுக்கு இறுக்கி. பள்ளியில் தலைமையாசிரியர் கழற்றச் சொன்னார், மறுத்தான். மில்லுக்கு ஃபோன் போயிற்று. என்னை என் வகுப்பிலிருந்து கூட்டிவந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்தபோது, அப்பாவும் முதலாளியும் வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். முப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குனிந்து, மற்றவர்களுக்குப் புரியாத நம் பாஷையில், ரொம்ப அன்பான குரலில் சொன்னார்.

"கண்ணு, அவுத்துரு சாமி. அவரு வந்துட்டாரு."

"மாட்டேனுங்க."

அப்பா தானே அவிழ்த்தார். ஆறு முழம் துணி, சுற்றுச் சுற்றாக. அண்ணன் கையைத் தூக்கவில்லை, கழுத்தை மட்டும் விறைப்பாக வைத்திருந்தான். தலைமயிர் வியர்த்து ஒட்டியிருந்தது. பின் பெஞ்சில் ஒருவன் மகுடி மெட்டை மூக்கால் இழுத்தான், எல்லாரும் சிரித்தார்கள். அப்பா துணியைச் சுருட்டிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

அதிகாரி வந்தார். களைத்த முகம், நல்ல கண்கள். எங்களைப் பார்த்ததும் அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். முன் பெஞ்சுக்கு வந்து குனிந்து, "இங்கே உங்களை நன்றாக நடத்துகிறார்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் எழுந்தான். தெளிவான ஆங்கிலத்தில், ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான்: "சார், நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள். எங்களை எண்ணக் கூடாது. மில்லில் லாரி ஓட்டுகிறவருடைய மகன் மூன்று முறை விண்ணப்பித்திருக்கிறான். அவனைச் சேர்க்கவில்லை."

அதிகாரியின் பேனா நின்றது. திரும்பினார். சுவரோரம் டை கட்டி நிற்கிற கறுத்த மனிதரைப் பார்த்தார். "நீங்கள் இவனுடைய தகப்பனாரா? இவன் சொல்வது சரியா?"

அந்த நேரத்தில் அப்பா நினைத்திருந்தால் முடிந்திருக்கும். ஒரு சொல் போதும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் மகனுக்கு அணியில் யாரோடோ சண்டை, கோபத்தில் பேசுகிறான்" என்றார் அப்பா. "இது நல்ல பள்ளி சார். எங்களைப் போன்றவர்களை நன்றாக வைத்திருக்கிறார்கள்."

எங்களைப் போன்றவர்கள். அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு இன்னும் எத்தனை ஊர் பார்க்க வேண்டியிருந்ததோ, எழுதிக்கொண்டார். அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அத்தனையையும் முதலாளி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் புன்னகை மாறவே இல்லை.

அன்று மாலையே லாரிக்காரரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அண்ணன் அவர் மகனைப் பற்றி அதிகாரியிடம் வாயைத் திறந்ததற்குத் தண்டனை அவருக்கு. குடியிருந்தது மில் வீடு, அதையும் காலி செய்யச் சொன்னார்கள். வியாழக்கிழமை மதியம் நாங்களும் பள்ளியிலிருந்து சாப்பிட வந்திருந்தபோது, அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில், "லாரிக்காரரை நிறுத்திப்போட்டாங்க. நமக்கெதுக்கு, சோத்தைப் போடு" என்றார். அம்மா சோற்றைப் போட்டாள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு ரயில் பாதையைத் தாண்டி ஓடினான், பின்னால் நானும் ஓடினேன். ஒரு பழைய பிக்கப்பில் மெத்தையும் நாற்காலிகளும் கட்டியிருந்தார்கள். மகன் மேலே உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்தான். எப்போதும் வாய் ஓயாத பையன்.

"உன்னை யாரு பேசச் சொன்னது?" என்றான். "நான் கேட்டனா?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டி கிளம்பிவிட்டது. டெட்ராய்ட் பக்கம் போனார்கள் என்றார்கள், சிகாகோ என்றும் சொன்னார்கள். எங்கே போனார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. மைக்ராஸ்கோப் இருந்த அறையில் நான் பிற்பாடு படித்தேன். அடுத்த இரண்டு வருஷமும் அந்தப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா டை கட்டித் தயாராக நின்றார். ஒன்றுமே நடக்காதது போல, "கெளம்பு கண்ணு, மேட்ச்சுக்கு நேரமாச்சு" என்றார்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "ஐ ஆம் நாட் கோயிங், டாட்" என்றான்.

அப்பா சிரித்தார். "பாருடி உன் மகனை, தொரை இங்கிலீசுல பேசறாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவும் சிரித்தாள். ஒரு வாரத்தில் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தார்கள். தணியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அண்ணன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. அப்பா திட்டினார், கெஞ்சினார், பட்டினி போட்டார். இவன் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அம்மாவோடும் அப்படித்தான். அவளுக்கு ஆங்கிலம் பாலும் ரொட்டியும் வாங்குகிற அளவுதான். மகனோடு பேசுவதற்காக டிவி முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். கடைசியில் அவள் படுக்கையில் கிடந்தபோது, "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டாள். அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே, "எஸ் மாம், ஐ ஏட்" என்றான். அப்பா அப்போது அறையில் இருந்தார். அம்மா என்ன பாவம் செய்தாள் என்று ஒரு தடவை அவனோடு சண்டை போட்டேன். "அந்தப் பாஷையில்தான் அவர் எனக்கு அதைச் செய்தார். அவர் காது கேட்கிற வரைக்கும் அதைப் பேச மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் அவனை மன்னிக்கவில்லை. அப்பாவையும்தான்.

பிற்காலத்தில் எல்லாரும் டெக்சஸுக்கு வந்தோம். அப்பா ஆலனில் என்னோடு இருந்தார். நம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னோடியான கூட்டங்களில் மாநில உரிமை பற்றி மணிக்கணக்கில் பேசினார். உங்களில் சிலர் கைதட்டியும் இருப்பீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அண்ணன் அரை மணி தூரத்தில் இருக்கிற காப்பெலிலிருந்து தினமும் வந்தான். ஷேவ் பண்ணிவிட்டான், கஞ்சி ஊட்டினான், டாக்டர்களோடு பேசினான். ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு தமிழ்ச் சொல்லும் கொடுக்கவில்லை. கடைசி நாள் காலையில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்ற அவனைக் கண்ணால் காட்டினார்.

"அவனுக்குத் தமிழு சுத்தமா மறந்துருச்சா அம்முணி?"

"எத்தனை வருஷமாச்சுங்கப்பா" என்றேன். அண்ணன் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே போய்விட்டான்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. நர்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுப் போன பிறகு நான் வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், தலையெல்லாம் நரைத்த கிழவன். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"முடிஞ்சுருச்சா அம்முணி?" என்றான். நாமக்கல்லில் பதினான்கு வயதுப் பையன்கள் பேசுகிற அதே பேச்சு. "செரி, நீயி அழுவாத. உள்ள போயி அவருகூட ஒக்காரு. ஆக வேண்டியதையெல்லாம் நானு பாத்துக்கறேன்."

ஒரு சொல்லைக்கூட அவன் தேடவில்லை.